சாரணியர் முகாமுக்குத் துணையாகப் போகும் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகள் ஆறாம் வகுப்பில் பள்ளிச் சாரணியர் குழுவில் சேர்ந்தாள். அந்த வருடமே ஏற்காட்டில் 2 இரவு முகாம். துணைக்கு ஒரு அம்மா வேண்டும் என்றார்கள், போனேன். இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின வாரம் பள்ளி வாசலிலும் போனிலும் புதிதாக வரப்போகும் அம்மாக்கள், சில நேரம் பிள்ளையை மட்டும் அனுப்பும் அம்மாக்களும், கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

கைடும் ஸ்கவுட்டும் ஒண்ணுதானே? பொண்ணுங்களுக்கு எதுக்குத் தனியா?

கைடு என்றால் சாரணியர், ஸ்கவுட் என்றால் சாரணர். வேர் ஒன்றுதான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பையன்களை வைத்து முதல் முகாமை நடத்தினார். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, யாரும் அழைக்காமலேயே சில பெண் பிள்ளைகள் வந்து எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். அடுத்த வருடமே பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. இந்தியாவில் முதல் குழு 1911இல் ஜபல்பூரில் தொடங்கியது. இப்போது நம் பள்ளிகளில் இருப்பது 1950இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கம்.

தனியாக ஏன் என்பதற்கு முகாமில் கண்ணால் பார்த்த பதில் என்னிடம் இருக்கிறது. பையன்களும் பெண்களும் சேர்ந்து கூடாரம் அடித்த ஒரு நாளில், பத்து நிமிடத்துக்குள் சுத்தியல் பையன்கள் கைக்குப் போய்விட்டது. பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தனியாக இருக்கும்போது முளை அடிப்பது, முடிச்சுப் போடுவது, விறகு அடுப்பு மூட்டுவது எல்லாமே அவர்கள் கையில்தான்.

கேப்டன் மிஸ் கூட வர்றாங்களே, அப்புறம் நான் எதுக்கு?

நடு இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவர் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அப்போது மீதி 23 பேரோடு யார் இருப்பது? முதல் காரணம் இதுதான். இரண்டாவது, ஒரே ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தங்குவது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, அந்தப் பெரியவருக்கும் நல்லதல்ல. கூட ஒரு கண் இருக்க வேண்டும்.

முகாமை நடத்துவது உங்கள் வேலை இல்லை. அது குழுவை நடத்தும் ஆசிரியையான கைடு கேப்டனின் பொறுப்பு. அவருக்குக் கீழே ஒவ்வொரு அணியிலும் 6 முதல் 8 பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு அணித் தலைவி. ரோஜா, தாமரை, மல்லிகை என்று பூப்பெயர் வைத்திருப்பார்கள். பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்றால் நீங்கள் கழுவக் கூடாது, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டவும் கூடாது. அணித் தலைவியிடம் சொல்லுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள். அம்மாக்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். 13 வயதுப் பிள்ளை வெங்காயம் நறுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்போது நம் கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகட்டும், பரவாயில்லை.

எனக்கு எந்தப் பயிற்சியும் இல்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை. முடிச்சும் கொடி வணக்கமும் கேப்டனுக்குத் தெரியும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது விசில் சத்தம் மட்டும். அடுத்தடுத்துச் சின்னச் சின்னதாக ஊதினால் எல்லோரும் கூடி வர வேண்டும். நீளமாக ஒன்று ஊதினால் இருந்த இடத்தில் அமைதியாக நின்று கவனிக்க வேண்டும். சின்னதும் நீளமும் மாறி மாறி வந்தால் ஆபத்து. கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை பொண்ணுங்களுக்கு எத்தனை பெரியவங்க வேணும்?

எங்கள் குழுவின் வழக்கம், ஒரு அணிக்கு ஒரு பெரியவர். 8 பேர் மட்டும் போனாலும் பெரியவர்கள் இருவருக்குக் குறையக் கூடாது. மலை, கடல், ஆறு என்றால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வோம். ஆள் கிடைக்கவில்லை என்று ஒருமுறை பயணத்தையே தள்ளி வைத்தோம். பிள்ளைகள் முகம் வாடியது. ஆனாலும் அது சரியான முடிவு.

எங்க வீட்டுக்காரர் வரேங்கறார், அப்பா வரலாமா?

கூடுதல் ஆளாக வரலாம். சாமான் ஏற்ற, டிரைவரோடு பேச, இரவில் வாசல் பக்கம் இருக்க உதவியாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டு பேர் கணக்கில் அவரைச் சேர்க்க மாட்டோம், அந்த இருவரும் பெண்களாக இருக்க வேண்டும். அவர் தங்குவது தனிக் கட்டடம் அல்லது தனிக் கூடாரம். பிள்ளைகள் தங்கும் அறைக்குள் அவர் வருவதே இல்லை. இதைக் கிளம்பும் முன்பே முகத்துக்கு நேராகப் பேசிவிடுங்கள், நல்ல மனிதர் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

என் பையில என்ன எடுத்துக்கணும்?

பிள்ளைகளுக்கான பட்டியல் பள்ளியிலேயே தருவார்கள். உங்களுடையது வேறு. டார்ச், சில்லறைப் பணம், சேப்டி பின், கூடுதலாக 2 பாக்கெட் சானிட்டரி நாப்கின், பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் பை நிறைய, ஓஆர்எஸ் பாக்கெட், தெர்மாமீட்டர், பவர் பேங்க். மலைக்குப் போனால் யாராவது ஒருத்தி ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருப்பாள், அதனால் ஒரு பழைய ஸ்வெட்டர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பெற்றோரின் 2 போன் எண்கள், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை, பெற்றோர் கையெழுத்து. போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், சார்ஜ் தீர்ந்தால் ஒன்றும் இல்லை. காகிதமாக உங்களிடம் ஒன்று, கேப்டனிடம் ஒன்று.

வேன்ல வாந்தி எடுப்பாங்களே, என்ன பண்றது?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பயணத்தில் பாதி வழியில் 5 பேர் வாந்தி எடுத்தார்கள். ஏறுவதற்கு 2 மணி நேரம் முன்பே லேசாக இட்லி மாதிரி ஏதாவது கொடுங்கள், பூரி வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் முன் சீட்டில், ஜன்னல் பக்கம், வெளியே தூரத்தைப் பார்த்தபடி உட்காரட்டும். போன், புத்தகம் கையில் இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பை மடியில். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். மலைப்பாதையில் இரவுப் பயணத்துக்கு நாங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை.

ராத்திரி ரயில்ல எப்படிப் பாத்துக்கறது? பயமா இருக்கு.

புனேவில் சங்கம் என்ற உலக மையம் இருக்கிறது. உலகம் முழுக்க உள்ள சாரணியருக்காக 1966இல் திறந்தது. அங்கே போனபோதுதான் எனக்கு முதல் இரவு ரயில் அனுபவம். பெட்டி முழுக்க நம் பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள், வேறு பயணிகளும் இருப்பார்கள். பிள்ளைகளின் படுக்கைகள் அடுத்தடுத்த தடுப்புகளில் வருமாறு டிக்கெட் போடும்போதே பாருங்கள். பிள்ளைகளை மேலும் நடுவிலும் படுக்கவிட்டு, நாம் கீழே. நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 வரைதான் போட முடியும், அதனால் 10 மணிக்குள் சாப்பாடு, கழிப்பறை எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

கழிப்பறைக்கு எப்போதும் இரண்டு பேர். நடு இரவென்றால் உங்களை எழுப்பிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். பெரியவர்கள் முறை வைத்துத் தூங்குவோம், 2 மணி வரை ஒருவர், அப்புறம் இன்னொருவர். எந்த நிலையத்திலும் பிள்ளைகள் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கக் கூடாது. யாராவது தொந்தரவு செய்தால் டிடிஇயிடம் சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய்யுங்கள். குரலை உயர்த்தத் தயங்காதீர்கள், பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

என் பொண்ணு என் பக்கத்துலயே படுத்துக்கலாம்ல?

வேண்டாம். முடிந்தால் உங்கள் மகள் இருக்கும் அணி உங்கள் பொறுப்பில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் யாருக்கும் அங்கே அம்மா இல்லை. ஒருத்தி மட்டும் இரவில் அம்மா கையைப் பிடித்துத் தூங்கினால் மற்றவர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும், அவளும் அணியில் முழுதாகச் சேர மாட்டாள்.

முதல் முகாமில் என் மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அணித் தலைவியிடம் போ, முதலுதவிப் பெட்டி அவளிடம்தான் இருக்கிறது என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று அவளுக்குக் கட்டுப் போட்ட அந்த அக்காவோடுதான் இன்றுவரை எதையும் பேசுகிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளை என்பதற்காக மற்றவர்களைவிட அதிகமாகக் கண்டிப்பதும் தப்பு. நான் செய்திருக்கிறேன், பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்போ பெரியவங்க எங்க படுக்கணும்?

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஆனால் தனியாக. கூடாரம் என்றால் பக்கத்துக் கூடாரம். ஒரே கூடம் என்றால் வாசல் ஓரம், பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தே. எந்தப் பிள்ளையோடும் ஒரே பாயில், ஒரே போர்வையில் பெரியவர்கள் படுப்பதில்லை. அன்பாகத்தானே என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால்தான், தப்பான எண்ணத்தோடு ஒருவர் வரும்போது பிள்ளைக்கே அது வித்தியாசமாகத் தெரியும்.

அதே விதியின் இன்னொரு பாதி: மூடிய கதவுக்குள் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று இருக்கவே கூடாது. தனியாகப் பேச வேண்டுமா, மரத்தடியில் பேசுங்கள். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதில் விழ வேண்டியதில்லை.

முதல் நாள் ராத்திரி அழுதா வீட்டுக்குப் போன் போட்டுக் குடுக்கலாமா?

என் அனுபவத்தில், படுக்கும் நேரத்தில் அம்மா குரலைக் கேட்டால் அழுகை கூடத்தான் செய்யும். அந்தப் பக்கம் அம்மாவும் அழுவார். அழாதே என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் இந்நேரம் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பாட்டி கதை, தம்பியோடு சண்டை, ஏதாவது சொல்வாள். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, காலையில் ஒரு வேலையும் கொடுங்கள்: நாளைக்குக் கொடி மரத்துக்கு நீதான் பூ பறிக்க வேண்டும். பெரும்பாலும் தூங்கிவிடுவாள். காலை டிபனுக்குப் பிறகு வீட்டுக்குப் பேச விடுங்கள், அப்போது குரல் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது இரவும் சாப்பிடாமல் அழுதால் அது வேறு. கேப்டனிடம் சொல்லி வீட்டுக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரு பிள்ளையை நாங்கள் திருப்பி அனுப்பியும் இருக்கிறோம். அடுத்த வருடம் அவளே பெயர் கொடுத்தாள்.

போனை ஏன் வாங்கி வைக்கறீங்க? நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?

முகாமில் பிள்ளைகள் உடை மாற்றுகிறார்கள், ஒரே இடத்தில் தூங்குகிறார்கள். அந்த இடத்தில் 24 கேமராக்கள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான். தினமும் மாலை கேப்டன் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் நலம், இன்று இதைச் செய்தோம் என்று எழுதுவார். படம் விஷயத்தில் துணைக்கு வரும் அம்மாக்களுக்கும் இதே விதி. பிள்ளைகளின் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அழகான படமாக இருந்தாலும்.

பீரியட்ஸ் வந்துட்டா? முதல் தடவையா இருந்தா?

பயணத்தில் தேதி முன்னே பின்னே வருவது சகஜம். கிளம்பும் அன்றே எல்லோரையும் உட்கார வைத்து, நாப்கின் எந்தப் பையில் இருக்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், உபயோகித்ததைச் செய்தித்தாளில் சுற்றி எந்த டப்பாவில் போட வேண்டும், கழிப்பறைக்குள் போடக் கூடாது என்று சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். கிசுகிசுக்காதீர்கள். நம் குரல் எப்படியோ அப்படித்தான் அவர்கள் வெட்கமும்.

முதல் தடவை என்றால் பிள்ளை பயந்திருப்பாள். மாற்று உடையும் நாப்கினும் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்து, வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். அவளைக் கேட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், இது படுக்கும் நேரமாக இருந்தாலும் சரி. சில வீடுகளில் சடங்கு, தனியாக உட்கார வைப்பது என்று இருக்கும். அது வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் முடிவு. முகாமில் அவளை யாரும் தள்ளி உட்கார வைக்கக் கூடாது. சமையல் முறை வந்தால் சமைப்பாள், ஓய்வு வேண்டுமென்றால் படுப்பாள்.

படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம் இருக்கு, சொல்ல வெக்கமா இருக்கு.

சொல்லிவிடுங்கள், கேப்டனிடம் மட்டுமாவது. 10, 11 வயதிலும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். படுக்கும் முன்னும், முறை மாறும் 2 மணிக்கும் சத்தமில்லாமல் எழுப்பிக் கூட்டிப் போவோம். அப்படியும் நடந்துவிட்டால் விடியும் முன் போர்வையை மாற்றிவிடுவேன், தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்பேன். ஒரு பிள்ளையின் மானத்துக்காகச் சொல்லும் அந்த வார்த்தையில் எனக்கு வருத்தம் இல்லை.

தலைவலி, காய்ச்சல்னா மாத்திரை குடுக்கலாமா?

பெற்றோர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும், எழுதிய அளவில், நேரத்தைக் குறித்து வைத்துக் கொடுங்கள். என் பொண்ணுக்கு இது கேட்கும் என்று உங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் தாளில் உள்ள ஒவ்வாமைப் பகுதி இதற்குத்தான். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. முகாம் இடத்துக்குப் போனதும் பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே, எவ்வளவு தூரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 108.

அருவி, கடல்னு போனா கொஞ்ச நேரம் இறங்க விடலாமா? ஆசைப்படறாங்களே.

நான் விட மாட்டேன். கணுக்கால் வரைதான் என்று இறங்குவார்கள், அலை ஒன்று இழுக்கும், பிடிக்கப் போனவளும் போவாள். சுற்றுலா போன மாணவர்கள் மூழ்கிய செய்தி வராத வருடம் இல்லை. ஆற்றில் மேலே தெரியாத சுழலும் மணல் அள்ளிய பள்ளமும் இருக்கும். தடுப்பும் பாதுகாவலரும் உள்ள இடத்தில், கேப்டன் அனுமதித்தால், 4 பேராக, பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு. மற்ற இடத்தில் கரையோடு சரி. இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எண்ணிக்கிட்டே இருந்தும் ஒருத்தி குறைஞ்சா?

ஒரு ரயில் நிலையத்தில் எனக்கு நடந்தது. 24 இருக்க வேண்டும், 23தான் வந்தது. திரும்ப எண்ணி நேரத்தைக் கடத்தினேன், அதுதான் தப்பு. அணித் தலைவிகளைக் கேட்டிருந்தால் யார் இல்லை என்று உடனே தெரிந்திருக்கும். அவள் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றிருந்தாள், 4 நிமிடம்தான். அந்த 4 நிமிடம் இன்னும் என் கனவில் வருகிறது. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு எண். ஒன்று, இரண்டு என்று அவர்களே சொல்வார்கள், எந்த எண் வரவில்லையோ அவள் இல்லை. ஏறும்போது, இறங்கும்போது, சாப்பிடும் முன், படுக்கும் முன். ஜோடியும் உண்டு, ஒருத்தி எங்கே என்று இன்னொருத்திக்குத் தெரிய வேண்டும்.

குறைந்தால் ஒரு பெரியவர் மற்றவர்களோடு அதே இடத்தில் உட்கார வேண்டும், இன்னொருவர் கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகளைத் தேட அனுப்பாதீர்கள். 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112, ரயில்வே என்றால் 139. பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். மணப்பாறையில் 2025 ஜனவரி கடைசியில் தொடங்கிய வைர விழாப் பெருந்திரளணி (பல ஊர்ச் சாரண சாரணியர் ஒன்றாகக் கூடும் ஜம்போரி) போன்ற கூட்டத்தில் எல்லோரும் ஒரே சீருடை. அங்கே ஸ்கார்ஃபின் நிறமும் கழுத்து அட்டையும்தான் அடையாளம். தொலைந்தால் நிற்க வேண்டிய இடத்தையும் போனவுடன் காட்டிவிடுங்கள்.

நாங்க வெளிய யார் சமைச்சாலும் சாப்பிட மாட்டோம், தனியா டப்பா குடுத்து விடலாமா?

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவென்றால் தாளில் எழுதுங்கள், மாற்று செய்வோம். சைவம் மட்டும் என்றாலும் கஷ்டமில்லை, எங்கள் முகாமில் பெரும்பாலும் சைவம்தான். ஆனால் யார் சமைத்தது என்பதற்காகத் தனி டப்பா, தனித் தட்டு என்றால் முடியாது. சாரணியர் சட்டத்தின் மூன்றாவது விதி, ஒரு சாரணியர் எல்லோருக்கும் நண்பர், மற்ற ஒவ்வொரு சாரணியருக்கும் சகோதரி என்று சொல்கிறது. ஒரே அடுப்பில் புகை குடித்துக்கொண்டு சமைத்ததைப் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் அதற்குப் பொருள். ஒரு பெற்றோர் இதற்கு ஒப்புக்கொள்ளாமல் மகளை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட்டேன், விதியை மாற்றவில்லை.

ஒருத்தியை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கறாங்க, நான் தலையிடணுமா?

சின்னச் சண்டை என்றால் அணித் தலைவிக்கே விடுங்கள். கிண்டல் தொடர்ந்தால், ஒருத்தி தனியாகச் சாப்பிட்டால், ஒருத்தியின் நிறத்தையோ உடம்பையோ பேசினால் உடனே கேப்டனிடம். அணித் தலைவியே அதைச் செய்தால்? அதுவும் நடக்கும். அந்த நேரத்தில் பொறுப்பை மாற்றுவது தண்டனை இல்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளையைப் பெரியவர்கள் பக்கத்தில் கூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னும் ஒதுக்கும். வேறொரு அணிக்கு அவளை உதவிக்குக் கேட்டு அனுப்புவோம்.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க ஆண்ட்டின்னு ஒரு பொண்ணு கேட்டா?

சத்தியம் செய்யாதீர்கள். முகாம் இருட்டில், நெருப்பு அணைந்த பிறகுதான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். நீ சொல்வதை நம்புவேன், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், ஊரெல்லாம் சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் காதல், மதிப்பெண், அப்பா அம்மா சண்டை என்று இருக்கும். கேட்டுக்கொண்டால் போதும்.

யாராவது அவளைத் தப்பாகத் தொட்டதாகச் சொன்னால், திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்காதீர்கள். உன் மேல் தப்பில்லை என்று சொல்லி, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிய வந்த எவரும் போலீசிலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். எப்படி என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள், வழி சொல்வார்கள். குழந்தையின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிக்காது, வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே வாங்கலாம். பெற்றோர் பயப்படும்போது இதைச் சொல்லுங்கள்.

கூட வந்த பெரியவங்க மேலயே சந்தேகம் வந்தா?

விதியை மீறினாலே போதும், சந்தேகம் நிரூபணமாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஒருமுறை துணைக்கு வந்த ஒருவர் பிள்ளைகள் குளிக்கும் பக்கம் இரண்டு தடவை போனார். முதல் தடவை நேராகச் சொன்னேன். இரண்டாவது தடவை கேப்டனும் நானும் சேர்ந்து அவரை அன்றே பஸ் ஏற்றி அனுப்பினோம், தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்தோம். பெரிய மனுஷர், தப்பாக நினைத்துக்கொள்வார் என்று சிலர் சொன்னார்கள். அவர் மனசைவிட அங்கே குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பெரியவர்கள். அந்த ஆள் கேப்டனாகவே இருந்தாலும் இதேதான், நேரே தலைமை ஆசிரியருக்குப் போன். ஒரு பிள்ளையே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முந்தின பதிலில் உள்ளதையும் செய்ய வேண்டும்.

திரும்பி வந்ததும் எல்லாரும் கிளம்பிடலாமா?

பள்ளி வாசலில் வேன் நின்றதும் உங்கள் வேலை முடிவதில்லை. அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் யார் கூட்டிப் போகிறார் என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சித்தப்பா வந்திருக்கிறார் என்றால் பெற்றோருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள், பிள்ளைக்கு அவரைத் தெரிந்திருந்தாலும். காய்ச்சல் வந்த பிள்ளை, பெரியவளான பிள்ளை என்றால் அம்மாவைத் தனியாக அழைத்து என்ன நடந்தது, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

யாராவது ஒருவர் தாமதமாகத்தான் வருவார். பஸ் கிடைத்திருக்காது, வேலை முடிந்திருக்காது. நீங்களும் கேப்டனும் அந்தக் கடைசிப் பிள்ளையோடு வாசல் விளக்குக்குக் கீழே, மூட்டையின் மேல் உட்கார்ந்திருங்கள். மிச்சமிருக்கும் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் மகளும் காத்திருக்கட்டும்.